காலத்தைச் சான்றாகக் கொண்ட மருத்துவர்: எமில் கிரேப்பெலினும் மனநோய்களைப் பிரித்தறியும் முறையும்

யாரும் இல்லாத அறையில் தம்மைப் பற்றிப் பேசும் குரல்கள் கேட்பதாகச் சொல்கிற, அக்கம்பக்கத்தார் தமக்கு எதிராகச் சதி செய்வதாக உறுதியாக நம்புகிற மூன்று பேர் ஒரே நாளில் ஒரு மருத்துவமனைக்கு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவர் 20 வயது மாணவர். ஓரிரு ஆண்டுகளாகவே நண்பர்களிடமிருந்து விலகி, படிப்பில் நாட்டமிழந்து, குளிப்பதையும் உண்பதையும்கூடக் கவனிக்காதவராக மெல்ல மெல்ல மாறி வந்தவர். இரண்டாமவர் 35 வயதுப் பெண். மூன்று வாரங்களுக்கு முன்புவரை நலமாக வேலைக்குச் சென்று வந்தவர், இப்போது உறக்கமே தேவைப்படாதவராக, ஓயாமல் பேசிக்கொண்டு, சேமிப்பையெல்லாம் செலவழித்துக்கொண்டிருக்கிறார். அவரே ஐந்தாண்டுகளுக்கு முன் சில மாதங்கள் கடும் மனச்சோர்வில் இருந்து, பிறகு முழுமையாக மீண்டவர். மூன்றாமவர் 45 வயது ஆண். அவருக்கு நாக்குழறலும் கைநடுக்கமும் நினைவு தவறலும் சேர்ந்தே இருக்கின்றன.

அந்த ஒரு நாளில் மூவரும் சொல்வதை மட்டும் கேட்டு எழுதினால், மூன்று குறிப்புகளும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் இவை மூன்று வெவ்வேறு நோய்கள் என்று சந்தேகிக்க இன்றைய மனநல மருத்துவருக்கு அதிக நேரம் தேவைப்படாது. நோயாளி இன்று எப்படி இருக்கிறார் என்பதோடு, நோய் எப்போது தொடங்கியது, எவ்வழியில் நகர்ந்தது, இடையில் நலமான காலம் இருந்ததா, இறுதியில் எங்கே கொண்டுபோய்விட்டது என்பவற்றையும் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் அவருக்கு உண்டு. அந்தப் பழக்கத்தை மனநல மருத்துவத்தின் அடிப்படையாக ஆக்கியவர்களுள் முதன்மையானவர் ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரேப்பெலின் (1856–1926). சிக்மண்ட் பிராய்டு பிறந்த அதே ஆண்டில் பிறந்தவர். பிராய்டின் பெயரை அறிந்தவர்களில் மிகப் பலர் இவரைக் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். ஆயினும் இன்று ஒரு மருத்துவர் தம் குறிப்பேட்டில் எழுதும் நோய்ப்பெயர்களில் பிராய்டின் செல்வாக்கைவிடக் கிரேப்பெலினின் செல்வாக்கே மிகுதி என்பது என் கருத்து.

அவர் செய்த மாற்றத்தின் அளவை உணர, அவருக்கு முந்தைய நிலையைச் சற்றுப் பார்க்கவேண்டும். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பிய மனநலக் காப்பகங்களில் நோயாளிகளுக்கு வைக்கப்பட்ட பெயர்கள் பெரும்பாலும் வெளித்தோற்றத்தைச் சார்ந்தவையாக இருந்தன. ஆர்ப்பரிப்பவருக்கு ஒரு பெயர், அழுதுகொண்டிருப்பவருக்கு ஒரு பெயர், குழப்பத்தில் இருப்பவருக்கு வேறொரு பெயர். ஒரே மனிதர் ஓராண்டுக்குள் இந்த மூன்று நிலைகளையும் கடந்தால் அவருக்கு மூன்று நோய்கள் வந்துபோனதாகக் கொள்வதா என்ற கேள்விக்குத் தெளிவான விடை இல்லை. மறுபுறம், மனநோய் என்பது ஒன்றே ஒன்றுதான், நாம் காண்பவை அனைத்தும் அதன் வெவ்வேறு படிநிலைகள்தான் என்று வாதிட்டவர்களும் இருந்தனர். மனநோய்கள் மூளையின் நோய்களே என்று வலியுறுத்திய வில்ஹெல்ம் கிரீசிங்கர்கூட நெடுங்காலம் இந்த ஒற்றை நோய்க் கொள்கையையே ஏற்றிருந்தார்.

இச்சிக்கலைக் காய்ச்சலோடு ஒப்பிட்டுப் புரிந்துகொள்ளலாம். உடல் சுடுவது எல்லாக் காய்ச்சலுக்கும் பொது. ஒருநாள் விட்டு ஒருநாள் குளிருடன் ஏறி இறங்குவதா, நாளுக்கு நாள் படிப்படியாக ஏறி வாரக்கணக்கில் நிற்பதா என்று கவனித்தபோதுதான் மலேரியாவும் டைபாய்டும் வேறுவேறு என்பது மருத்துவர்களுக்குப் புலப்பட்டது. கிருமிகளைக் கண்ணால் காண்பதற்கு முன்பே, காய்ச்சலின் போக்கே அவர்களுக்கு வழிகாட்டியது.

மனநோய்களுக்கும் இவ்வழி பொருந்தும் என்பதற்கு அக்காலத்தில் ஒரு வலுவான முன்மாதிரி இருந்தது. பொதுப் பக்கவாதம் என்று அழைக்கப்பட்ட நோயைப் பிரெஞ்சு மருத்துவர் பேல் 1822இல் விவரித்திருந்தார். அந்த நோயாளிகளில் ஒருவர் தம்மைப் பேரரசராகக் கருதிக் களித்திருப்பார். இன்னொருவர் சோர்ந்து கிடப்பார். வேறொருவர் அறிவு மங்கியவராகவே வருவார். தொடக்கம் எப்படி இருந்தாலும், நாக்குழறலும் வாதமும் தொடர்ந்து, சில ஆண்டுகளில் மரணத்தில் முடியும். பலவகைத் தோற்றங்களுக்குப் பின்னே ஒரே போக்கும் ஒரே முடிவும் இருந்தன. பின்னர் ஒரே காரணமும் இருப்பது தெரியவந்தது. மேகநோய் எனப்படும் சிபிலிஸின் கிருமியை அந்த நோயாளிகளின் மூளைத் திசுவிலேயே நோகுச்சி, மூர் என்ற ஆய்வாளர்கள் 1913இல் காட்டினர். கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன மூன்றாமவரிடம் அக்கால மருத்துவர் முதலில் சந்தேகித்திருக்கக்கூடிய நோய் இதுதான். நோயின் போக்கைப் பின்தொடர்ந்தால் காரணத்தின் வாசலுக்கே சென்றுவிடலாம் என்று கிரேப்பெலின் நம்பியதற்கு இந்த முன்மாதிரி பெரிதும் துணைநின்றது.

அவர் வடக்கு ஜெர்மனியின் நாய்ஸ்ட்ரெலிட்ஸ் நகரில் பிறந்தவர். லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்டின் உளவியல் ஆய்வகத்தில் பயின்றதால், மனத்தின் செயல்களையும் அளந்து பார்க்கமுடியும் என்ற எண்ணம் அவரிடம் இறுதிவரை இருந்தது. தேநீர், மது போன்றவை மனித எதிர்வினையின் வேகத்தை எப்படி மாற்றுகின்றன என்பதைச் சோதித்து 1892இல் அவர் ஒரு நூலே எழுதினார். மதுவுக்கு எதிராக அவர் பின்னாளில் உறுதியுடன் பேசியதற்கு இந்தச் சோதனைகளும் ஒரு காரணம். 1886இல், 30 வயதில், இன்று எஸ்டோனியாவில் உள்ள டார்ட்டு நகரில் பேராசிரியரானார். அங்கே பெரும்பாலான நோயாளிகளின் மொழி அவருக்குத் தெரியாது. மொழிபெயர்ப்பாளர் வழியாகவே பேசவேண்டியிருந்தது. நோயாளியின் அகவுலகைவிட வெளியே தெரியும் நடத்தைக்கும் நோயின் போக்குக்கும் அவர் அதிக எடை கொடுத்ததற்கு இந்த அனுபவமும் பங்களித்திருக்கலாம் என்று கருத இடமுண்டு. அவரது முறையின் வலிமையும் குறையும் ஒருங்கே இங்குதான் இருக்கின்றன.

1891இல் ஹைடெல்பெர்க் நகருக்கு வந்தபின் அவருடைய முக்கியமான பணி தொடங்கியது. ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை. அதில் அவருடைய முந்தைய வரலாறு, நோய் தொடங்கிய விதம், மருத்துவமனையில் கண்ட அறிகுறிகள், முதலில் கணித்த நோய்ப்பெயர் ஆகியவை சுருக்கமாக இருக்கும். ஹைடெல்பெர்க் மருத்துவமனையில் படுக்கைகள் குறைவு. நாள்பட்ட நோயாளிகள் வேறு காப்பகங்களுக்கு அனுப்பப்பட்டனர். அப்படிச் சென்றவர்களும் வீடு திரும்பியவர்களும் ஆண்டுகள் கழித்து என்ன ஆனார்கள் என்பதைத் தேடிக் கேட்டு, அந்த முடிவையும் அட்டையில் சேர்த்தார். பிறகு அட்டைகளை மீண்டும் மீண்டும் அடுக்கி, ஒரே முடிவுக்கு வந்தவர்களிடம் தொடக்கத்தில் எது பொதுவாக இருந்தது என்று தேடினார். பின்னால் நடந்ததை அறிந்துகொண்டு முன்னால் கண்டதற்குப் பொருள் காண்பதே இம்முறையின் சாரம்.

இந்த உழைப்பின் விளைவை அவருடைய பாடநூலின் பதிப்புகளில் வரிசையாகக் காணலாம். 1883இல் ஒரு சிறு கையேடாக வெளிவந்த அந்நூல், பதிப்புக்குப் பதிப்பு திருத்தப்பட்டு, பல பாகங்கள் கொண்ட பெருநூலாக வளர்ந்தது. 1899இல் வந்த ஆறாம் பதிப்பில், காரணம் அறியப்படாத கடும் மனநோய்களின் பெரும்பகுதியை அவர் இரண்டு பெரும் பிரிவுகளில் அடக்கினார்.

முதல் பிரிவுக்கு அவர் வைத்த பெயர் ‘டிமென்ஷியா பிரேகாக்ஸ்’, அதாவது இளமையிலேயே தொடங்கும் அறிவுச்சிதைவு. அதுவரை தனித்தனி நோய்களாகக் கருதப்பட்ட மூன்றை அவர் இதில் ஒன்றுசேர்த்தார். பதின்வயதில் தொடங்கிப் பொருளற்ற நடத்தையில் முடிவதாக எவால்ட் ஹெக்கர் 1871இல் விவரித்த நிலை, உடல் விறைத்து அசைவற்றுப்போகும் நிலையாக ஹெக்கரின் ஆசான் கார்ல் கால்பாம் 1874இல் விவரித்த கேட்டடோனியா, சந்தேகமும் மாயக்குரல்களும் மேலோங்கிய மூன்றாவது நிலை ஆகியவையே அவை. மேற்பரப்பில் இவ்வளவு வேறுபட்டவற்றை ஒரே குடைக்கீழ் கொண்டுவந்ததற்கு அவர் சொன்ன நியாயம், மூன்றும் பெரும்பாலும் இளமையில் தொடங்கி, உணர்வும் ஊக்கமும் வற்றிப்போகும் ஒரே வகையான குறைநிலையில் முடிகின்றன என்பதாகும். இன்று நாம் மனச்சிதைவு நோய் என்று அழைப்பதன் முதல் வரைபடம் இதுவே.

இரண்டாம் பிரிவு பித்தெழுச்சியும் (அளவுமீறிய உற்சாகமும் பரபரப்பும் கொண்ட நிலை) மனச்சோர்வும் மாறிமாறி வரும் நோய். எழுச்சியும் சோர்வும் ஒரே நோயின் இரு முகங்களாக இருக்கக்கூடும் என்பதைப் பிரான்சில் ஃபால்ரே, பெய்யார்ஜே ஆகியோர் 1850களிலேயே சொல்லியிருந்தனர். அந்த எண்ணத்தை முதலில் கண்ட பெருமை அவர்களுக்கே உரியது. கிரேப்பெலின் அதை மிகவும் விரித்து, சோர்வு மட்டுமே வருபவர்களையும் அதே பிரிவில் சேர்த்தார். இந்நோயில் ஒவ்வொரு தாக்குதலும் எவ்வளவு கடுமையாக இருந்தாலும் அது தணியும். தணிந்தபின் மனிதர் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்புவார். மறுபடியும் வரலாம், மறுபடியும் தணியும். இன்று இருதுருவ மனநிலைக் கோளாறு அல்லது பைபோலார் என்று குறிப்பிடுவது இப்பிரிவின் ஒரு பகுதி.

தொடக்கத்தில் சொன்ன மாணவரையும் அந்தப் பெண்ணையும் பிரிக்கும் கோடு இப்போது தெளிவாகியிருக்கும். இருவருக்கும் குரல்கள் கேட்கின்றன என்பது இங்கே முடிவுக்கு உதவுவதில்லை. மாணவரிடம் மெதுவான விலகல் முன்னே வந்து, குரல்கள் பின்னே வந்தன. பெண்ணிடம் நலமான ஆண்டுகளுக்கு நடுவே ஒரு சோர்வும் இப்போது ஓர் எழுச்சியும் தனித்தனியே வந்திருக்கின்றன. இது ஏட்டளவிலான வேறுபாடு மட்டுமன்று என்பதை நடைமுறை பிற்பாடு காட்டியது. ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949இல் லித்தியம் உப்பைப் பித்தெழுச்சி நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது அவர்களிடம் கண்ட தெளிவான முன்னேற்றத்தை டிமென்ஷியா பிரேகாக்ஸ் நோயாளிகளிடம் அவர் காணவில்லை. அரை நூற்றாண்டுக்கு முன் வெறும் அட்டைகளைக் கொண்டு போட்ட ஒரு கோடு, ஒரு மருந்தின் வேலையிலும் தென்பட்டது.

1903இல் மியூனிக் சென்ற கிரேப்பெலின், தம்முடன் திறமையான திசு ஆய்வாளர்களையும் வைத்துக்கொண்டார். அவர்களுள் ஒருவர் அலாய்ஸ் ஆல்ட்ஸ்ஹைமர். பிராங்க்பர்ட் மருத்துவமனையில் 1901இல் அவர் பார்த்த, ஐம்பதைச் சற்றே கடந்த வயதிலேயே நினைவிழந்துவந்த ஒரு பெண்மணி 1906இல் இறந்தபோது, அவருடைய மூளையை ஆராய்ந்து அதில் கண்ட படிவுகளையும் முடிச்சுகளையும் ஆல்ட்ஸ்ஹைமர் விவரித்தார். 1910இல் தம் நூலின் எட்டாம் பதிப்பில் அந்நிலைக்கு ஆல்ட்ஸ்ஹைமர் நோய் என்று பெயரிட்டவர் கிரேப்பெலின்தான். டிமென்ஷியா பிரேகாக்ஸ் நோய்க்கும் அப்படியொரு தெளிவான மூளைச் சான்று கிடைக்கும் என்று அவர் எதிர்பார்த்தார். அவர் காலத்தில் அது கிடைக்கவில்லை.

இனி அவருடைய கருத்தால் விளைந்த கேட்டையும் பேசவேண்டும். முடிவை வைத்தே நோயை வரையறுத்ததால், டிமென்ஷியா பிரேகாக்ஸ் என்ற பெயரைப் பெற்றவருக்கு மீட்சி இல்லை என்ற தீர்ப்பும் பெயரோடு சேர்ந்தே வந்துவிட்டது. சிறு பங்கினர் குணமடைந்ததை அவரே பதிவு செய்திருந்தாலும், நூலின் ஒட்டுமொத்தத் தொனி நம்பிக்கையற்றதாகவே இருந்தது. சுவிட்சர்லாந்தில் தம் நோயாளிகளோடு நெருங்கிப் பழகிய ஆய்கன் பிளாய்லர் இதை ஏற்கவில்லை. நோய் எப்போதும் இளமையில் தொடங்குவதில்லை, எப்போதும் சிதைவில் முடிவதும் இல்லை என்று வாதிட்டு, 1908இல் ‘ஸ்கிசோபிரினியா’ (இன்றைய மனச்சிதைவு நோய்) என்ற பெயரை முன்வைத்தார். அப்பெயரே நிலைத்தது.

இதைவிடக் கொடிய விளைவு ஜெர்மனியில் நேர்ந்தது. மனநோய்கள் தலைமுறைதோறும் இரத்தவழியில் சீரழிந்து வருகின்றன என்ற அக்காலக் கொள்கையைக் கிரேப்பெலின் நம்பினார்; சமூகத்தைப் ‘பாதுகாப்பது’ பற்றியும் எழுதினார். அவர் 1917இல் மியூனிக்கில் நிறுவிய ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய மாணவர் எர்ன்ஸ்ட் ரூடின், நாஜி அரசு 1933இல் இயற்றிய கட்டாயக் கருத்தடைச் சட்டத்துக்கு அதிகாரபூர்வ விளக்கவுரை எழுதியவர்களில் ஒருவர். அச்சட்டத்தின் பட்டியலில் ஸ்கிசோபிரினியாவும், கிரேப்பெலினின் இரண்டாம் பிரிவான பித்துச்சோர்வு நோயும் பெயர் சுட்டி இடம்பெற்றிருந்தன. ஏறத்தாழ 4,00,000 பேர் கருத்தடைக்கு ஆளாக்கப்பட்டனர்; பின்னர் 1940–41இல் சுமார் 70,000 நோயாளிகள் நச்சுவாயுக் கூடங்களில் கொல்லப்பட்டனர். கிரேப்பெலின் 1926இலேயே இறந்துவிட்டார் என்பது உண்மை. ஆனால் ஒரு மனிதரின் எதிர்காலம் முடிந்துவிட்டது என்று மருத்துவ நூல் அறிவிக்கும்போது, அதைத் தனக்குச் சாதகமாக்கிக்கொள்ள ஓர் அரசு காத்திருக்கலாம் என்பதை இந்த வரலாற்றைப் படிக்கும் எவரும் மறக்கக்கூடாது என்று நான் அழுத்தமாக நினைக்கிறேன்.

மீட்சி இல்லை என்ற கிரேப்பெலினின் கணிப்பு பிழைபட்டதற்கு முறைசார்ந்த காரணமும் ஒன்றுண்டு. தொடக்கநிலை வாசகர் இதைக் கவனமாகப் புரிந்துகொள்வது நல்லது. காப்பகத்தில் நீண்டநாள் இருப்பவர்கள் குணமடையாதவர்கள். குணமடைந்தவர் வெளியேறிவிடுவார், மருத்துவரின் கண்ணில் மறுபடி படமாட்டார். ஆகவே காப்பகத்தில் நின்று பார்ப்பவருக்கு நோய் உள்ளபடி இருப்பதைவிடக் கொடியதாகவே தோன்றும். கிரேப்பெலின் வெளியேறியவர்களையும் தேடினார் என்றாலும், அவருடைய அட்டைகளைப் பின்னாளில் ஆராய்ந்த வரலாற்றாய்வாளர்கள், அவர் முன்கூட்டியே மனத்தில் கொண்டிருந்த பிரிவுகள் அக்குறிப்புகளுக்குள்ளேயே புகுந்திருப்பதைக் காட்டியிருக்கிறார்கள்.

இதைத் திருத்தியதும் காலத்தோடு பின்தொடரும் அதே முறைதான். பிளாய்லரின் மகன் மான்ஃபிரெட் பிளாய்லர், சூரிச் நகரில் 208 நோயாளிகளை இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தாமே பின்தொடர்ந்து 1972இல் முடிவுகளை வெளியிட்டார். நோய் தொடங்கி ஐந்தாண்டுகள் கழிந்தபின், பொதுவாக நிலை மேலும் சரிவதில்லை என்றும், பலர் மேம்படவும் செய்கிறார்கள் என்றும் அவர் கண்டார். சென்னைக்கும் இதில் இடமுண்டு. முதல்முறையாக மனச்சிதைவு நோய் கண்ட 90 பேரை 1980களின் தொடக்கத்திலிருந்து மருத்துவர் ஆர். தாராவும் அவருடைய குழுவினரும் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்தொடர்ந்தனர். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவராக அறியப்படும் சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் என்னும் மனச்சிதைவு நோய் ஆய்வு நிறுவனத்தின் பணியோடு அந்த ஆய்வு வளர்ந்தது. நோய் வருவதும் தணிவதுமாக இருந்தவர்களே அதில் மிகுதி. இடைவிடாமல் நோயிலேயே இருந்தவர்கள் சிறுபான்மையினர். காப்பகச் சுவர்களுக்குள் கிரேப்பெலின் கண்ட படத்துக்கும், குடும்பங்களோடு வாழ்ந்தவர்களிடம் சென்னை ஆய்வாளர்கள் கண்ட படத்துக்கும் இடையே இவ்வளவு தொலைவு இருப்பதைப் படிக்கும்போது ஒரு நிம்மதி பிறக்கிறது.

கிரேப்பெலின் போட்ட கோடும் இன்று முன்போல் அழுத்தமாக இல்லை. இரு நோய்களின் கூறுகளும் கலந்து காணப்படுபவர்களை 1933இல் கசானின் என்ற மருத்துவர் விவரித்தார். 2009இல் வெளியான ஒரு பெரிய மரபணு ஆய்வு, ஸ்கிசோபிரினியாவுக்கு இட்டுச்செல்லும் சிறுசிறு மரபுக்கூறுகள் பலவும் பைபோலார் நோயாளிகளிடமும் இருப்பதைக் காட்டியது. கிரேப்பெலினுக்கே இந்தச் சந்தேகம் எழுந்திருந்தது; இரு நோய்களையும் எல்லா நேர்வுகளிலும் தெளிவாகப் பிரிக்க முடிவதில்லை என்பதை, அறுபதைக் கடந்த வயதில், 1920இல் எழுதிய கட்டுரையில் அவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். வாழ்நாள் முழுவதும் கட்டிய பிரிவினையின் வரம்பைத் தாமே எழுதிவைத்த அந்த நேர்மைக்காக அவரை நான் மதிக்கிறேன்.

இத்தனை திருத்தங்களுக்குப் பின்னும் நோயைக் கணிக்கும் விதிகளில் காலம் நிலையான இடம்பெற்றிருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1980இல் தன் வகைப்பாட்டு நூலை அடியோடு மாற்றியபோது, கிரேப்பெலினின் அணுகுமுறையை மீட்டெடுத்தவர்களின் செல்வாக்கே அதில் மேலோங்கியிருந்தது. இன்றும் அச்சங்கத்தின் விதிப்படி, குறைந்தது ஆறு மாத காலம் நோயின் அடையாளங்கள் தொடர்ந்தால்தான் ஸ்கிசோபிரினியா என்று கணிக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் அந்தக் காலம் ஒரு மாதம்.

எனவே ஒருவருக்கு முதல்முறையாக மாயக்குரல்கள் கேட்டு மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் குடும்பத்தார், “இது என்ன நோய்?” என்று கேட்கும்போது, “சிகிச்சையை இப்போதே தொடங்குவோம், பெயரைச் சில மாதங்கள் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்” என்ற பதில் வரலாம்; அதை அறியாமை என்றோ அலட்சியம் என்றோ எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. மாற்றம் முதலில் எந்த மாதத்தில் தென்பட்டது, அதற்கு முன் படிப்பும் வேலையும் எப்படி இருந்தன, உறக்கம் எப்போது குறைந்தது, முன்பு எப்போதாவது காரணமில்லாத சோர்வோ அளவுமீறிய உற்சாகமோ வாரக்கணக்கில் நீடித்ததா, இடையில் முழுநலத்துடன் இருந்த காலம் எவ்வளவு என்பவற்றைத் தேதிவாரியாக ஒரு தாளில் எழுதிக்கொண்டு சென்றால், மருத்துவருக்கு அது பேருதவியாக இருக்கும்.